நல்ல நோக்கம் மட்டும் போதாது: குற்றவியல் நீதித் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

காவலராகவோ, விசாரணை அதிகாரியாகவோ, அரசு வழக்கறிஞராகவோ, தடய ஆய்வகத்திலோ, நீதிமன்ற அலுவலகத்திலோ, சிறையிலோ வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். வேறு வேலைகளில் கிடைக்காத ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நடந்து போகிற ஒருவரைத் தடுத்து நிறுத்தலாம், பையைத் திறந்து காட்டச் சொல்லலாம், ஒரு கையெழுத்தால் அவர் அன்றிரவு வீடு திரும்ப முடியாமல் செய்யலாம்.

நெறிமுறை வகுப்பு என்றாலே பேச்சு லஞ்சத்தில்தான் தொடங்கும். லஞ்சம் தப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். கெட்ட எண்ணத்தோடு வருபவரை ஒரு கட்டுரை திருத்தப் போவதும் இல்லை. நான் எழுதுவது நல்லது செய்ய வேண்டும் என்று வந்தவர்களுக்காக. இந்தத் துறையின் பெரிய அநீதிகளில் பல, "இவன்தான் செய்தான், எப்படியாவது கேஸ் நிற்க வேண்டும்" என்று மனதார நம்பியவர்கள் கையால் நடந்தவை.

1974-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஊரே கொதித்துப் போயிருந்தது. 1975-ல் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடித்து வாங்கியவை என்று அவர்கள் நீதிமன்றத்தில் சொன்ன வாக்குமூலங்களும், பிற்பாடு நம்பத்தகாதது என்று தெரியவந்த தடய ஆய்வும்தான் வழக்கின் தூண்கள். 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தபோது 16 ஆண்டுகள் போயிருந்தன. குண்டு வைத்தவர்கள் அந்தக் கொலைகளுக்காக இதுவரை தண்டிக்கப்படவில்லை. ஆறு குடும்பங்களுக்கு மட்டுமல்ல, இறந்துபோன 21 பேரின் குடும்பங்களுக்கும் அந்தக் குறுக்குவழி செய்தது அநீதிதான்.

எனவே கீழே வரும் படிகளைப் படிக்கும்போது, லஞ்சம் கேட்கும் அதிகாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். களைத்துப்போய், நியாயமான கோபத்தோடு, இரவு ஒரு மணிக்கு மேசையில் உட்கார்ந்திருக்கும் உங்களையே நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் வேலைக்கான நெறிமுறை வாசகத்தைத் தேடிப் படியுங்கள்

உங்கள் துறையின் நடத்தை விதிகள் கையேடாக எங்காவது இருக்கும். முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். அதோடு சர்வதேச அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஆவணங்களில் உங்கள் வேலைக்கு உரியதையும் சேர்த்துப் படியுங்கள். காவல் பணிக்கு, 1979-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சட்ட அமலாக்க அதிகாரிகளுக்கான நடத்தை விதிகள். எட்டே பிரிவுகள், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அரசு வழக்கறிஞர்களுக்கு 1990-ன் ஹவானா வழிகாட்டு நெறிகள். நீதிபதிகளுக்காக எழுதப்பட்டவை 2002-ன் பெங்களூரு கோட்பாடுகள்; நீதிமன்ற ஊழியர்களும் அவற்றைப் படிக்கலாம். சிறைப் பணிக்கு 2015-ல் புதுப்பிக்கப்பட்ட நெல்சன் மண்டேலா விதிகள், மொத்தம் 122.

படிக்கும்போது ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "என் பணி நேரத்தில் இது எப்போது வரும்?" பதில் எழுத முடியாத விதி இருந்தால் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்து அந்த அலுவலகம் எப்படிப்பட்டது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

படி 2: எழுதுவதில் நேர்மையாக இருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பெரிய தர்மசங்கடங்கள் எப்போதாவதுதான் வரும். குறிப்பு எழுதுவது தினமும் வரும். பொய் இந்தத் துறைக்குள் நுழைகிற முதல் வாசலும் அதுதான்.

சாட்சி ஒருவர் சொல்கிறார்: "சட்டை ஏதோ கறுப்பு மாதிரி இருந்துச்சு, சரியா பார்க்கல." நீங்கள் எழுதுகிறீர்கள்: "அந்த நபர் கறுப்புச் சட்டை அணிந்திருந்தார்." உங்கள் மனதில் கெடுதல் எதுவும் இல்லை, வாக்கியத்தைத் திருத்தமாக எழுதினீர்கள், அவ்வளவுதான். ஆனால் "மாதிரி" போய்விட்டது, "சரியா பார்க்கல" போய்விட்டது. ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்தச் சாட்சி உறுதியாகச் சொன்னவராக நிற்கிறார். கறுப்புச் சட்டையோடு பிடிபட்டவர் சிறையில் இருக்கிறார். சாட்சியின் தயக்கமும் சாட்சியத்தின் ஒரு பகுதிதான், அதையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

நேரத்தை எழுதும்போது கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். 10.00, 10.30, 11.00 என்று எல்லாமே முழுசாக இருக்கும் பதிவேட்டைப் பார்த்ததுமே அனுபவமுள்ள வழக்கறிஞருக்குப் புரிந்துவிடும், இது உட்கார்ந்து ஒரேயடியாக எழுதியது என்று. ஒருவரை அழைத்து வந்தது 2.40 என்றால் 2.40 என்றுதான் இருக்க வேண்டும். பதிவேட்டில் நேரம் ஏறாத இடைவெளியில்தான் அடி, மிரட்டல், பேரம் எல்லாமே நடக்கும்.

சக ஊழியரின் அறிக்கையைப் பார்த்து எழுதாதீர்கள். இரண்டு பேர் பார்த்த ஒரே சம்பவம் இரண்டு விதமாக இருப்பது இயல்பு. வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால்தான் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். தவறாக எழுதிவிட்டால் மேலே ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இடுங்கள். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கும்படி இருக்கட்டும். நேரில் பார்க்காததற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையெழுத்து வாங்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.

சான்றுப் பொருளுக்கும் இதே ஒழுங்குதான். எடுத்தது யார், எங்கே, எத்தனை மணிக்கு, சீல் வைத்தது யார், அடுத்து யார் கையில் போனது என்ற சங்கிலி அறுபடக் கூடாது. ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு போதைப்பொருள் ஆய்வகத்தில் ஒரு வேதியியலாளர், சக ஊழியர்களைவிடப் பல மடங்கு வேகமாக வேலை முடிப்பவர் என்று பெயர் வாங்கியிருந்தார். பிறகுதான் தெரிந்தது, பல மாதிரிகளைச் சோதிக்காமலே முடிவு எழுதியிருக்கிறார் என்று. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2017-ல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் ஒரேயடியாகத் தள்ளுபடி ஆயின. உண்மையான குற்றங்களும் அதில் இருந்திருக்கும். இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் மேலதிகாரி எண்ணிக்கையை மட்டுமே பாராட்டுகிறார் என்றால், செய்யாத வேலைக்கு ஒரு டிக் போடுவது எவ்வளவு எளிது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: உங்கள் சந்தேகத்தையே சந்தேகியுங்கள்

குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்பது நீதிபதிக்கு மட்டுமான விதி என்று பலர் நினைக்கிறார்கள். நீதிபதி முன் என்ன வரும், என்ன வராது என்பதை விசாரணை மேசையிலேயே நீங்கள் தீர்மானித்துவிடுகிறீர்கள். ஆகவே அது உங்களுக்குமான விதி.

2004-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகையை, அமெரிக்காவின் ஓரிகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொன்னது. ஒருவர் அல்ல, பல நிபுணர்கள் சரிபார்த்தார்கள். ஸ்பெயின் காவல்துறை ஆரம்பத்திலேயே சந்தேகம் தெரிவித்தது. அந்த வழக்கறிஞர் சுமார் இரண்டு வாரம் காவலில் இருந்தார். கடைசியில் ரேகை வேறொருவருடையது என்று தெரிந்ததும் எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது.

இந்தச் சம்பவத்தை வைத்தே இதியேல் ட்ரோர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்து 2006-ல் வெளியிட்டார்கள். ஐந்து கைரேகை நிபுணர்களிடம், அவர்களே சில ஆண்டுகளுக்கு முன் "பொருந்துகிறது" என்று முடிவு சொன்ன ரேகைகளை, மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்ட ரேகைகள் இவை என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவிலிருந்து மாறிவிட்டார்கள். ரேகை அதே ரேகைதான், காதில் விழுந்த கதைதான் வேறு.

இதிலிருந்து செய்ய வேண்டியது: வழக்குக் கோப்பில் ஒரு பக்கம் ஒதுக்கி, "நான் நினைப்பது தவறு என்றால் என்ன கிடைத்திருக்க வேண்டும்?" என்று எழுதி, அதைத் தேடிப் போங்கள். சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்று ஒருவர் சொன்னால் அதை அன்றைக்கே சரிபாருங்கள். கேமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். ஆய்வகத்துக்குப் பொருளை அனுப்பும்போது, "இவர் ஒப்புக்கொண்டுவிட்டார்" போன்ற தகவல்களைச் சேர்த்து அனுப்பாதீர்கள். நிபுணருக்குத் தேவை பொருள், கேள்வி, அவ்வளவே. அடையாள அணிவகுப்பை, சந்தேக நபர் யார் என்று தெரியாத ஒருவர் நடத்துவதே சரி. உங்கள் பார்வை எங்கே நிலைக்கிறது என்பதைச் சாட்சி கவனித்துக்கொண்டே இருப்பார்.

படி 4: விசாரணை அறையில்

சித்திரவதைக்கு எதிரான 1984-ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, போர், அவசரநிலை, வேறு எந்த விதிவிலக்கான சூழ்நிலையும் சித்திரவதைக்கு நியாயம் ஆகாது என்கிறது. மேலதிகாரி உத்தரவிட்டார் என்பதும் காரணமாகாது. இதில் பேரம் பேச இடமே இல்லை. "குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமானால்?" என்று கேட்பவர்கள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. அடி தாங்காதவர் அடி நிற்பதற்கு எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்வார் என்பதுதான் அதற்குப் பதில். பொய்யான இடத்தைத் தேடி ஓடும் நேரத்தில் அந்தக் குழந்தைக்கு எதுவும் ஆகலாம்.

அடியே இல்லாமலும் பொய் வாக்குமூலம் வரும். 1989-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நடந்த பாலியல் தாக்குதலுக்காக 14 முதல் 16 வயதுப் பையன்கள் ஐந்து பேர் பிடிபட்டார்கள். மணிக்கணக்கான விசாரணைக்குப் பிறகு தங்களுக்குப் பங்குண்டு என்று சொன்னார்கள். அவர்கள் சொன்ன விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, டி.என்.ஏ.வும் பொருந்தவில்லை. இருந்தும் தண்டனை கிடைத்தது. 2002-ல் வேறொருவர் ஒப்புக்கொண்டார், அவருடைய டி.என்.ஏ. பொருந்தியது, ஐவரின் தண்டனையும் ரத்தானது. தூக்கமில்லாமை, பயம், "சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்" என்ற நம்பிக்கை, இவை போதும் ஒரு பையன் செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல.

இங்கிலாந்தும் வேல்ஸும் பொய் வாக்குமூல வழக்குகளிலிருந்து கற்றுக்கொண்டு 1990-களின் தொடக்கத்தில் விசாரணை முறையையே மாற்றின. வற்புறுத்தல் இல்லாத விசாரணைக்காக 2021-ல் வெளியான மெண்டெஸ் கோட்பாடுகளும் அதே திசையில் போகின்றன. நடைமுறையில் அது இப்படி இருக்கும். அறைக்குள் நுழைந்ததும் உரிமைகளை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, புரிந்ததா என்று அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கறிஞரும், தேவையென்றால் மொழிபெயர்ப்பாளரும் வரும்வரை காத்திருங்கள். முதல் நிமிடத்திலிருந்தே பதிவு ஓடட்டும்; ஒப்புக்கொண்ட பிறகு கேமராவை ஆன் செய்வதில் அர்த்தமில்லை. "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரம் எதையும் கேள்வியில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால், அவர் அதைத் திருப்பிச் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. தண்ணீர், கழிப்பறை, ஓய்வு மூன்றையும் அவர் கேட்பதற்கு முன்பே கொடுங்கள், கொடுத்த நேரத்தை எழுதுங்கள்.

படி 5: பலத்தைப் பயன்படுத்த நேர்ந்தால்

1990-ன் ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால்: வேறு வழியில் முடியாதபோது மட்டும், ஆபத்தின் அளவுக்கு மட்டும், ஆபத்து தீர்ந்த நொடியில் நிறுத்திவிட்டு, காயம்பட்டவருக்கு உடனே மருத்துவம், பிறகு முழு அறிக்கை. கைவிலங்கு மாட்டிய பிறகு விழும் ஒரு அடிகூடத் தற்காப்பு ஆகாது. அறிக்கையில் "தேவையான பலம் பயன்படுத்தப்பட்டது" என்று எழுதாதீர்கள். எந்தக் கையால் எங்கே பிடித்தீர்கள், அவர் என்ன செய்துகொண்டிருந்தார், எத்தனை நொடி என்று எழுதுங்கள்.

படி 6: வழக்கு நடத்துபவர்களுக்கும் நீதிமன்ற ஊழியர்களுக்கும்

அரசு வழக்கறிஞருக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: எதிர்த்தரப்புக்கு உதவக்கூடிய ஆதாரம் கண்ணில் பட்ட அன்றைக்கே அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிடுங்கள். அத்தகைய முக்கிய ஆதாரத்தைக் கொடுப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-ல் பிராடி வழக்கில் கட்டாயமாக்கியது. "பிறகு கொடுக்கலாம்" என்று தள்ளிவைத்த கோப்புகளால் வாழ்க்கையை இழந்தவர்கள் உண்டு. சட்டவிரோதமாக, குறிப்பாகச் சித்திரவதையால், பெறப்பட்ட ஆதாரம் என்று தெரிந்தால் அதைப் பயன்படுத்த மறுக்க வேண்டும் என்று ஹவானா நெறிகளும் சொல்கின்றன. உங்கள் வேலை ஜெயிப்பது அல்ல. தீர்ப்பு சரியாக வருவதற்கு உழைப்பது.

குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவர், தனக்குப் பிடிக்காத கட்சிக்காரருக்கும் அதே அக்கறையோடு தயாராக வேண்டும். நீதிமன்ற ஊழியர்களே, உங்கள் மேசையில் கோப்புகள் இருக்கும் வரிசைகூட நீதியின் பகுதிதான். தெரிந்தவருக்காக ஒரு கோப்பு மேலே வந்தால், யாருடையதோ கீழே போகிறது.

படி 7: காவலில் இருப்பவர் உங்கள் பொறுப்பில் இருப்பவர்

தண்டனை என்பது சுதந்திரத்தை இழப்பது. அதற்கு மேல் ஒரு துளி அவமானத்தைச் சேர்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை. மண்டேலா விதிகளின்படி, ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்து வைப்பது தனிமைச் சிறை. அது தொடர்ந்து 15 நாட்களைத் தாண்டினால் தடைசெய்யப்பட்ட ஒன்று.

சிறைக்கு வருபவரின் முதல் சில நாட்களில் தற்கொலை ஆபத்து அதிகம். உள்ளே வரும்போதே மருந்து எதுவும் எடுக்கிறாரா, இதற்கு முன் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாரா, வீட்டுக்குத் தகவல் போனதா என்று கேட்டு எழுதுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உடல் சோதனையைத் தனியிடத்தில், அதே பாலினத்தவர் செய்யட்டும். அரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால், கதவுத் துவாரம் வழியாக மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும். காவல் மரணங்களை ஆராயும்போது, போகாத சுற்றுக்குப் பதிவேட்டில் கையெழுத்து இருப்பது திரும்பத் திரும்ப வெளிப்படும் விஷயம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சின்னச் சின்ன உதவி கேட்டு உங்களைப் பழக்கப்படுத்தப் பார்ப்பவர்களும் இருப்பார்கள். ஒரு கடிதத்தை வெளியே சேர்ப்பதில் தொடங்கும். அன்பாகப் பேசலாம், மறைவாக எதுவும் செய்யக் கூடாது. அப்படிக் கேட்கப்பட்டால் அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரிகளாக இருப்பவர்கள், "நீங்கள் சொல்வதில் எதையெல்லாம் நான் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்" என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். நம்பிப் பேசிய பிறகு சொன்னால் அது பொறி வைத்தது மாதிரி.

படி 8: பாதிக்கப்பட்டவரிடம் முடியாததைச் சொல்லாதீர்கள்

"கண்டிப்பாகத் தண்டனை வாங்கித் தருகிறேன்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. அடுத்து என்ன நடக்கும், யாரிடம் கேட்கலாம், நீங்கள் எப்போது கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். அந்த நாளில் சொல்வதற்கு எதுவுமே இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

படி 9: அன்பளிப்பும் கணினியும்

வேலை சம்பந்தப்பட்ட யாரிடமிருந்தும் எதையும் வாங்காதீர்கள். தவிர்க்க முடியாமல் வந்துவிட்டால் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிந்தவர் வழக்கில் சம்பந்தப்பட்டிருந்தால் விலகிக்கொள்ளுங்கள். அப்புறம், துறையின் தகவல் தளத்தில் ஒரு நண்பருக்காகவோ உறவினருக்காகவோ யாருடைய பெயரையும் தேடாதீர்கள். "சும்மா பார்த்துச் சொல்" என்று கேட்பவர், விட்டுப் பிரிந்துபோன மனைவியின் புது முகவரியைத் தேடுபவராக இருக்கலாம். இந்த ஒரு காரணம் போதும்.

படி 10: பக்கத்தில் இருப்பவர் தவறு செய்யும்போது

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், கைதின்போது உயிரிழந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலர் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலை அழுத்தியபோது, உடன் மூன்று காவலர்கள் இருந்தார்கள். அவர்களில் இருவர் முழுநேரக் காவலர்களாகி ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். அழுத்தியவர் அனுபவசாலி. புதியவர்களில் ஒருவர், ஃபிளாய்டைப் பக்கவாட்டில் திருப்பலாமா என்று இரண்டு முறை கேட்டார். மூத்தவர் வேண்டாம் என்றதும் அடங்கிவிட்டார். 2022-ல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. புதியவர்களே, இந்தச் சம்பவம் உங்களுக்கானது. கேள்வியாகக் கேட்டதோடு நின்றதுதான் அங்கே நடந்த பிழை.

அந்த நேரத்தில் வார்த்தை தேடினால் கிடைக்காது. இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "சார், போதும், நான் பார்த்துக்கிறேன், நீங்க வெளியே போங்க." இதைச் சொல்லிக்கொண்டே நடுவில் போய் நில்லுங்கள். கேட்காவிட்டால் கையைப் பிடித்து விலக்குங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பணி தொடங்கும் முன் கூட்டாளியிடம் பேசி வையுங்கள்: "நான் நிதானம் இழந்தால் நீ என்னை நிறுத்து, நீ இழந்தால் நான் நிறுத்துகிறேன்." இதைக் கேட்டுச் சங்கடப்படுகிற கூட்டாளியோடு கூடுதல் கவனமாக இருங்கள்.

உத்தரவே தவறாக இருந்தால், "நீங்கள் சொல்வது இதுதானே?" என்று சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள். பல தவறான உத்தரவுகள் அந்த இடத்திலேயே பின்வாங்கிவிடும். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மரியாதையாக மறுத்து, தேதியும் நேரமும் போட்டுக் குறித்து, அவருக்கும் மேலே உள்ளவரிடமோ புகார் விசாரிக்கும் பிரிவிடமோ போங்கள். 1979-ன் நடத்தை விதிகளின் எட்டாம் பிரிவு, மீறலைத் தடுக்கவும் எதிர்க்கவும் தெரிவிக்கவும் சொல்கிறது. இதற்கு விலை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். யாரும் உங்களோடு பேசாமல் போகலாம், இடமாற்றம் வரலாம். அதனால்தான் ஆதாரத்தின் நகலை விதிகள் அனுமதிக்கும் வழியில் பத்திரப்படுத்துங்கள், ஊழியர் சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ முதலிலேயே பேசுங்கள், துறைக்கு வெளியே உங்களை நம்பும் ஒருவராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 11: உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்

தினமும் பொய்யும் ரத்தமும் பார்ப்பவருக்கு, எல்லோருமே பொய்யர்கள் என்று தோன்ற ஆரம்பிக்கும். தூக்கம் கெடும், வீட்டில் எரிந்து விழுவீர்கள், புகார் சொல்ல வருபவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே எழுதுவீர்கள். இந்தக் கடைசி அறிகுறி தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். மனநல ஆலோசகரைப் பாருங்கள், முடிந்தால் சில மாதம் வேறு பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். தொடர்ந்து இரண்டு பணி நேரம் பார்த்த இரவில் முக்கியமான வாக்குமூலம் எதையும் பதிவு செய்யாமல், ஓய்வெடுத்த வேறொருவரை அனுப்பும்படி கேளுங்கள். மறுத்தால், நீங்கள் கேட்டதையும் அவர்கள் மறுத்ததையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போங்கள்.